தவசிலிங்கம் பறை பழகிய கதை

ஈச்சங்குறிச்சியில் செத்தவர்கள் எழுந்து உட்காரத் தொடங்கியது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி வாக்கில். அன்றைக்குச் செத்துக் கிடந்தவர் மேலத்தெரு நல்லமாயன், எண்பத்து மூன்று வயது, நான்கு பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சுற்றி நிற்கச் செத்த கலியாணச் சாவு. குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, நெய்ப்பந்தம் பிடித்து, தேர் மாதிரி ஜோடித்த பாடையில் கிடத்தித் தூக்கப் போகிற நேரத்தில், காலையிலிருந்து ஏழு மணி நேரம் நின்றபடியே பறையடித்த கீழத்தெருச் சோணைமுத்து, அறுபது வயதுக்காரர், முட்டிவலி பொறுக்காமல் பந்தலோரம் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டார். செத்தவரின் தம்பி மகன் தவசிலிங்கம், போர் போடுகிற லாரி இரண்டு வைத்து நாலு தாலுகாவில் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “எங்க வீட்டுப் பொணத்துக்கு முன்னாடி ஒனக்கு நாற்காலி கேக்குதோ” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் வலது கை சோணைமுத்துவின் இடது கன்னத்தில், காதோடு சேர்த்து இறங்கியிருந்தது.

காதிலிருந்து ரத்தம் வடிந்து சட்டைக் காலரில் இறங்கியது. சோணைமுத்து எழுந்தார், தோளில் தொங்கிய பறையைக் கழற்றினார், கூட வந்திருந்த ஐந்து பேரும் கழற்றினார்கள். “இனி மேலத்தெருச் சாவுக்கு எங்க பறை பேசாது சாமி” என்று, சண்டை போடுகிற குரலில் இல்லை, கடை சாத்துகிறவன் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு ஆறு பேரும் நடந்தார்கள். ஆறாவது ஆள் தெருமுனை திரும்பி மறைந்த மறுகணம், பாடையில் கிடந்த நல்லமாயன் கோடித்துணியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, அவர்கள் போன திசையைப் பார்க்கத் தொடங்கினார்.

உயிர் வந்துவிட்டது என்று பெண்கள் குலவையிட்டார்கள். டவுனிலிருந்து வந்த டாக்டர் நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், காலையில் எழுதியது சரிதான், இவர் செத்துத்தான் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். திரும்பப் படுக்க வைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. தூக்கப் பார்த்தார்கள், நாலு பேருக்கு அசையவில்லை, பன்னிரண்டு பேருக்கும் அசையவில்லை, ஜேசிபி வைத்துத் தூக்கியதில் ஜேசிபியின் பின்சக்கரம்தான் மேலே எழும்பியது. பாடை பாரம் தாங்காமல் நொறுங்கிப்போக, நல்லமாயன் தன் வீட்டு முற்றத்தில் தரையிலேயே உட்கார்ந்து, சாப்பிடாமல், பேசாமல், அழுகாமல், கீழத்தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிறகு மேலத்தெருவில் செத்தவர்கள் எல்லாரும் அப்படியே உட்கார்ந்தார்கள். கீழத்தெருவில் செத்தவர்கள் எப்போதும்போல அவர்கள் ஆட்கள் பறையடிக்கப் படுத்தபடியே சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேலத்தெருக்காரர்கள் பென்டிரைவில் பறைச் சத்தம் ஏற்றி ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தார்கள். செத்தவர்கள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்று மாவட்டம் தள்ளியிருந்து ஒரு செட்டைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் பாவம், வேர்க்க விறுவிறுக்க நன்றாகத்தான் அடித்தார்கள், ஆனால் செத்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெளியூர்க் கை செல்லாது என்று அன்றைக்கு ஊருக்குப் புரிந்தது. உள்ளூரில் பறை தெரிந்த கை கீழத்தெருவில்தான் இருந்தது. கீழத்தெருவிலோ யார் போய்க் கேட்டாலும் சொம்பில் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, முடியாது என்றார்கள்.

எதற்கும் மனுஷர்கள் பழகிவிடுவார்கள். வீட்டில் பிணம் இருந்தால் அடுப்பு மூட்டக் கூடாது என்று முதலில் தெருவில் கல் கூட்டிச் சமைத்தார்கள். மழைக்காலம் வந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு, உட்கார்ந்திருக்கிற பிணத்துக்குப் பதினாறு நாள் தீட்டே போதும் என்று முடிவு செய்து அடுப்பை உள்ளே கொண்டுபோனார்கள். ரேஷன் கார்டில் பேரை அடித்தார்கள். மருமகள்கள் வாரத்துக்கு ஒருமுறை தலை வாரிவிட்டார்கள், பொழுது போகட்டும் என்று சிலர் டிவியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம், “மூலையில இருக்கறது எங்க மாமியா, தவறிப்போயி ஒம்பது மாசமாச்சு” என்று சாதாரணமாகச் சொன்னார்கள், வந்தவர்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காபி குடித்தார்கள்.

பழக முடியாதது ஒன்றே ஒன்றுதான். செத்தவர்கள் நாளுக்கு நாள் கனத்தார்கள். கனக்கக் கனக்கத் தரைக்குள் இறங்கினார்கள். நல்லமாயன் முதல் வருஷம் இடுப்பு வரைக்கும், இரண்டாம் வருஷம் தை மாதம் தாடை வரைக்கும் இறங்கி, பங்குனியில் ஒருநாள் பேரன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது முழுசாக மறைந்துபோனார். கடைசிவரைக்கும் கண்ணை மூடவில்லை என்று அந்தப் பேரன் சொன்னான். அந்த இடத்தில் சிமெண்டு பூசினார்கள். பூசியது வாரத்துக்கு ஒருமுறை விரிந்தது. விரிசலில் காதை வைத்துக் கேட்டால் கீழே யாரோ நடந்து நடந்து வழி தேடுகிற சத்தம். மூன்று மாதம் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்த குடும்பம், நாலாம் மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டது.

இதற்கெல்லாம் காரணம் அவர் கைதான் என்று யாரும் தவசிலிங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவர் மனைவி சிட்டம்மாள் ஒருத்திதான் சொன்னாள், அதுவும் இரண்டே தடவை. அடித்த அன்று சாயந்தரம், “அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க” என்றாள். அவர் சிரித்தார். நல்லமாயன் தரைக்குள் மறைந்த அன்று மறுபடியும் அதையே சொன்னாள். அப்போது அவர் சிரிக்கவில்லை, போகவும் இல்லை. அதற்கடுத்த ஆவணியில் நாலு நாள் காய்ச்சலில் சிட்டம்மாள் செத்து, முன்னறையில் பாயில் எழுந்து உட்கார்ந்து, கணவனைப் பார்க்காமல் கீழத்தெருப் பக்கம் பார்க்கத் தொடங்கினாள்.

மகள் வாசுகி கோயம்புத்தூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்து அழுதுவிட்டுப் போனாள். தவசிலிங்கம் லாரிகளை டிரைவர் பொறுப்பில் விட்டுவிட்டு மனைவிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போர் ஆழம் அளக்கிற நாடாவை எடுத்து, அவள் தலையிலிருந்து தரை வரைக்கும் தினமும் காலையில் அளந்தார். மற்ற வீடுகளில் மாதத்துக்கு இரண்டு விரற்கடை இறங்கினார்கள் என்றால் இவள் நாலு விரற்கடை இறங்கினாள். இந்தக் கணக்கில் போனால் அடுத்த வைகாசியைத் தாண்ட மாட்டாள்.

ஒருநாள் மத்தியானம், பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிடப் பிடிக்காமல், காலித் தட்டின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் கேட்டுக் கேட்டு மனசில் தங்கியிருந்த அடி, அதுவும் கோணல்மாணலாக. சிட்டம்மாளின் தலை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. அவர் விரல் நின்றது. தலை பழையபடி வாசலுக்குத் திரும்பிக்கொண்டது. மறுபடி தட்டினார். மறுபடி திரும்பினாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டவுனில் பழைய லாரி ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பறை வகுப்பு நடந்தது. அங்கே போனபோது தவசிலிங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. வந்திருந்தவர்களில் ஒரு நர்சு, ஒரு கூரியர்க்காரர், இரண்டு கல்லூரி ஆசிரியைகள், இன்னும் சிலர். சொல்லிக்கொடுக்கிறவள் முப்பத்திநாலு வயதுப் பெண், கறுப்புச் சட்டை, தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள். பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. சோணைமுத்துவின் மகள் அன்னமயில். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“நீ இங்கதான் சொல்லிக்குடுக்கறியா?” என்றார்.

“இங்க எல்லாரும் எல்லாரையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவோம். எம் பேரு அன்னமயில். டீச்சர்னும் கூப்பிடலாம். பேரை எழுதிட்டு வரிசையில நில்லுங்க.”

அவர் திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். பிறகு பேரை எழுதினார்.

பறை பார்க்க ஒன்றுமில்லாத வாத்தியம். மூன்று மரத்துண்டு சேர்த்த வளையம், அதன்மேல் இழுத்து ஒட்டிய கன்றுத்தோல், இரண்டு குச்சி. வலது கையில் குட்டையான தடித்த குச்சி, இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி. இடது தோளில் தொங்கவிட்டு, நெஞ்சோடு அணைத்து, வலது கை அடிக்கச் சிண்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் சிண்டு அவர் விரலிடுக்கிலிருந்து பதினெட்டுத் தடவை கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற நர்சு ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்துக் கொடுத்து, “எனக்கும் இப்படித்தாங்க விழுந்துச்சு” என்றாள். இரண்டாம் வாரம் கட்டைவிரல் தோல் உரிந்தது. மூன்றாம் வாரம், வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சச் சொன்னபோது, அவசரத்தில் அதிகம் காட்டி ஒரு பறையைக் கிழித்தார். அன்னமயில் திட்டவில்லை. கிழிந்த பறையை அவர் கையில் கொடுத்து, வகுப்பு முடிகிறவரை பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள்.

நாலாம் வாரம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அடிக்கறதுக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல, அது தெரியும். கையை எடுக்கத்தான் தெரியல. குச்சி தோல்ல பட்ட உடனே திரும்பி வரணும். நீங்க பட்ட எடத்துலயே வச்சு அழுத்துறீங்க. அழுத்துனா சத்தம் அங்கயே செத்துரும்.”

வகுப்பில் மற்றவர்களுக்கு அது சாதாரணப் பாடம். தவசிலிங்கத்துக்குக் காது சிவந்தது.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நின்று கேட்டார். “என்னைய யாருன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லித் தர்றீங்க, டீச்சர்?”

அவள் பறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். “கத்துக்க வர்றவங்களுக்குச் சொல்லித் தர்றது என் வேலை. மன்னிக்கறது என் வேலை இல்ல. அதுக்கு எங்கப்பா இருக்காரு.”

சொந்தமாக ஒரு பறை வாங்கினார். முதலில் அதை அரிசிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்துக் கொண்டுவந்தார். தெருவில் அது பறையடி என்று யாருக்கும் தெரியாதபடி கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். ஆனால் பறையைச் சாத்திய கதவுக்குள் வைக்க யாராலும் ஆகாது. இரண்டே நாளில் மேலத்தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஊர் நாட்டாமை வீரபத்திரன், தவசிலிங்கத்துக்கு மச்சான் முறை, வந்து வாசலில் நின்றார்.

“மாப்ளே, பொண்டாட்டி போன துக்கம், புரியுது. அதுக்காக மாட்டுத்தோலத் தோள்ல மாட்டலாமா? நம்ம தெருவுல இப்படி ஒரு பழக்கம் உண்டா?”

“நம்ம தெருவுல செத்தவன் எந்திரிச்சு உக்கார்ற பழக்கம் உண்டா மச்சான்?” என்றார் தவசிலிங்கம். வீரபத்திரன் உள்ளே எட்டிப் பார்த்தார். சிட்டம்மாள் இடுப்பு வரை தரைக்குள் இருந்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவர் வீட்டிலும் அவருடைய அம்மா முழங்கால் வரை இறங்கியிருந்தாள்.

ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் போனது. அவர் காலையில் நாடாவால் அளந்தார், பகலில் பழகினார், ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனார். தாளம் கையில் ஏறுவதற்கு முன்னால் காலில் ஏற வேண்டும் என்று அன்னமயில் சொன்னதால், அடவு வைத்து வைத்துப் பழகி, கணுக்கால் வீங்கியது. ஒரு நேரம் கை வரும், கால் வராது. கால் வந்தால் சிண்டு வராது. சிண்டு வந்த அன்றைக்கு மூச்சு வரவில்லை. போர் மிஷின் சத்தத்தில் முப்பது வருஷம் நின்ற காது, இரண்டு அடிக்கு நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியைக் கேட்கப் பழகுவதற்குள் மாசி பிறந்துவிட்டது. சாவுக்கு அடிக்கிற அடியை மட்டும் அன்னமயில் கடைசிவரைக்கும் சொல்லித்தராமல் வைத்திருந்தாள். கேட்டபோதெல்லாம், “இன்னும் ஆகல” என்றாள். மாசி மூன்றாம் ஞாயிறு, அவர் அடித்ததைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மற்றவர்களை அனுப்பிவிட்டு, அந்த ஒரு பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுக்கும்போது ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சிட்டம்மாள் கழுத்து வரை இறங்கியிருந்தாள். தவசிலிங்கம் முற்றத்தில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார், கதவை அகலத் திறந்து வைத்தார், மனைவிக்கு முன்னால் நின்று அடித்தார். முதலில் தலை திரும்பியது. பிறகு கண். பிறகு, கிணற்றிலிருந்து நிறைந்த வாளி ஏறுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, தோள் வந்தது, மார்பு வந்தது, இடுப்பு வந்தது, மண் ஒட்டின பாதம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப இறங்கிவிடுவாளோ என்று பயந்து ஒன்றரை மணி நேரம் அடித்தார். சிட்டம்மாள் பாயில் மெதுவாகச் சாய்ந்து, கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

சுடுகாடு வரை அவர்தான் முன்னால் அடித்துக்கொண்டு போனார். மருமகன் கொள்ளிச்சட்டி தூக்கினான், நாலு பேர் தூக்கப் பாடை நாரை மாதிரி லேசாகப் போயிற்று. மேலத்தெரு மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது. அழுதுகொண்டே அடிக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் அவர் தெரிந்துகொண்டார். அழுகை வந்தால் கை தாளம் விடும். சிட்டம்மாளுக்கு அவர் அழவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவள் இரண்டு தடவை சொன்னது நினைவில் குத்த, தவசிலிங்கம் கீழத்தெருவுக்குப் போனார். காலை ஒன்பது மணி. தெருக்குழாயில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். சோணைமுத்து வேப்பமரத்தடியில் ஆட்டுக்குட்டிக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். தவசிலிங்கம் பக்கத்தில் போய், குழாயடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நான் அன்னைக்குச் செஞ்சது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க.”

சோணைமுத்து நிமிர்ந்தார். “கேக்கலையே. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

தவசிலிங்கம் இன்னும் கிட்டத்தில் போய் அதே குரலில் மறுபடி சொன்னார்.

“சத்தமா” என்றார் சோணைமுத்து.

குழாயடியில் பேச்சு நின்றிருந்தது. ஒரு குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. தவசிலிங்கம் வாயைத் திறந்தார். போர் மிஷின் ஓடும்போது அரை மைலுக்குக் கேட்கிற மாதிரிக் கத்திப் பழகின தொண்டை அது.

“ஒண்ணுமில்ல” என்றார். “மழை வரும்போல இருக்குன்னு சொன்னேன்.”

சோணைமுத்து அண்ணாந்து பார்த்தார். பங்குனி வானம், ஒரு பொட்டு மேகமில்லை. “வந்தா நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி குழை கட்டக் குனிந்தார்.

அதற்குப் பிறகு மேலத்தெருவில் பாக்கி எட்டு வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டார்கள். “மாமா, எங்கப்பா மார்பு வரைக்கும் போயிட்டாரு, நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்.” தவசிலிங்கம் போனார். அடித்தார். செத்தவர் ஏறி வந்து படுத்தார். எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் பழகிக்கொள்ளுங்கள், கூட நின்று பழக்கிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். ஆகட்டும் ஆகட்டும் என்றார்கள். யாரும் வரவில்லை.

இரண்டாவது வீட்டில் காரியம் முடிந்த பிறகு பந்தியில் உட்காரப் போனவரை, “தீட்டுக் கையி மாமா, தப்பா நெனைக்காதீக” என்று தனியாக ஓர் இலை போட்டார்கள். மூன்றாவது வீட்டில் அந்த இலை கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. நாலாவது வீட்டில் நேரில் வந்து கூப்பிடவில்லை, ஆள் விட்டார்கள். ஐந்தாவது வீட்டில் ஒருத்தன், அவர் மடியில் தூக்கி வளர்த்த பங்காளி மகன், குடித்துவிட்டு, “நல்லா ஓங்கி அடிப்பா” என்றான். யாரும் அவனை அதட்டவில்லை. கோயில் பொங்கலுக்கு வீடு வீடாக வைத்துக்கொண்டு வந்த வெற்றிலை பாக்கு அவர் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. வாசுகி போனில், “அப்பா, இங்க மாமியார் வீட்டுல பேச்சு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாம், நானே வர்றேன்” என்றாள். வரவில்லை. இதில் எதையும் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. செத்தவர்களுக்குப் பழகின மாதிரியே, ஊர் அவருக்கும் பழகிக்கொண்டது.

கடைசி வீடு வீரபத்திரனுடையது. அவருடைய அம்மா பருத்த உடம்பு, நெடுநாள் இறங்கியவள். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, அவள் ஏறி வந்து படுக்கும்போது மணி பன்னிரண்டு. சுடுகாடு போய்த் திரும்பினபோது தவசிலிங்கத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீரபத்திரனின் மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டடி தள்ளி நின்றாள். செம்பை நீட்டவில்லை. அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்தார். அவள் உயரத்திலிருந்து ஊற்றினாள். அவர் குடித்தார். ஒரு செம்பு முழுக்கக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நாலு எட்டு வைத்த பிறகுதான் தான் எப்படிக் குடித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கையைக் குவிக்கச் சொல்லி அவள் சொல்லவே இல்லை. கை தானாகக் குவிந்திருந்தது.

மறுநாள் காலை குளித்து, வெளுத்த சட்டை போட்டு, பறையை வீட்டில் மாட்டிவிட்டு, கீழத்தெருவுக்கு நடந்தார். இன்றைக்குக் குழாயடியில் எத்தனை குடம் இருந்தாலும் சரி, சத்தமாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். வாய்க்கால் பாலம் தாண்டும்போது பறைச் சத்தம் கேட்டது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அது அவருக்கு வெறும் சத்தம். இப்போது அது பேசுவது புரிந்தது. சாவு. பெரியவர் சாவு. ஆம்பளை. ஐந்து பறை அடிக்கிறது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும், முன்னால் நின்று அடி எடுத்துக் கொடுக்கிறவன் அடிக்க வேண்டிய அந்த ஓர் அடி மட்டும் விழவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றவர்கள் அடுத்த சுற்றைத் தொடங்கினார்கள். அது என்ன என்று அன்னமயில் வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தாள். பறைக்காரன் செத்தால், அவன் அடியை அன்றைக்கு யாரும் அடிக்கக் கூடாது.

தவசிலிங்கம் இன்னொரு சுற்று முடியும்வரை கேட்டார், அந்த அடி விழவில்லை. பிறகு நடந்தார்.

சோணைமுத்து வேப்பமரத்தடியில் மாலையோடு படுத்திருந்தார். எழவில்லை, உட்காரவில்லை, படுத்த வாக்கில் இருந்தார். தெரு முழுக்க ஆட்கள். வந்தவரைப் பார்த்து யாரும் விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அன்னமயில் வரிசையில் முதலில் நின்று அடித்துக்கொண்டிருந்தாள், கண் வற்றியிருந்தது. சுற்று முடியக் காத்திருந்து அவர் கேட்டார்.

“நானும் அடிக்கவா டீச்சர்?”

“வேண்டாம். எங்களுக்குக் கை இருக்கு.”

அவர் தலையாட்டினார். இரண்டு எட்டு முன்னால் போய், சோணைமுத்துவின் கால்மாட்டில் நின்று, அரை மைலுக்குக் கேட்கிற அந்தத் தொண்டையைத் திறந்து சொன்னார்.

“சோணைமுத்தண்ணே. நான் உங்களைக் கைநீட்டி அடிச்சது தப்பு. தப்பு என்மேலதான். என்னை மன்னிச்சிருங்க.”

பறைகள் நின்றன. குரல் தெரு கடந்து, வாய்க்கால் கடந்து போயிற்று, மேலத்தெருவிலும் கேட்டிருக்கும். படுத்திருந்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்தவர் முகம் அது, வேறொன்றும் இல்லை.

அன்னமயில் அவர் அருகில் வந்தாள். குரல் உயர்த்தாமல் சொன்னாள்.

“நீங்க அடிச்சதுல போனது எடது காதுதான். வலது காது நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு. அன்னைக்கு நீங்க சொன்னது, மொதத் தடவையே எங்கப்பாவுக்குக் கேட்டுச்சு.”

தவசிலிங்கம் அவளைப் பார்த்தார்.

“அவருக்குக் கேக்கலைங்கறதால ஒண்ணும் சத்தமாச் சொல்லச் சொல்லல” என்றாள். “வீட்டுக்குள்ள வந்து, மழை வருமாம்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாரு. ரெண்டு நாள் சாப்பிடல.”

அவள் திரும்பிப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றாள். குச்சியை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து ஐந்து பறையும் தொடங்கின. நாலு பேர் தூக்கினார்கள், ஊர்வலம் புறப்பட்டது. தவசிலிங்கத்தை யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் கடைசி ஆளுக்குப் பின்னால், எல்லாரும் கிளப்பிய புழுதிக்குள் நடந்தார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அந்த அடி விழாத இடம் வந்தது. வந்தபோதெல்லாம் அவருடைய வலது கை தானாக எழுந்தது, காற்றில் ஒரு கணம் நின்றது, எதையும் தொடாமல் இறங்கியது.